கதிரைகளுக்குக் கீழே கிடந்த கல்

ஆவணி, செவ்வாய் இரவு

எங்கள் அலுவலகம் கடலேரிக்கரையில் அமைக்கப்போகும் பூங்காவுக்காக இன்று அந்தக் கரைச் சனத்தைக் கூட்டினேன். "முதலிலை உங்கடை விருப்பம், பிறகுதான் வரைபடம்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான்தான்.

வந்தவர்கள் வாய் ஓயாமல் கதைத்தார்கள். வலை காயப்போட இடம் கேட்டார்கள். வள்ளம் இழுத்தேற்ற வழி விடச் சொன்னார்கள். ராணி அக்கா எழும்பி வந்து, "இதிலை ஒரு லைற் போட்டுவிடுங்கோ பிள்ளை" என்று காலால் மணலில் கோடு கீறிக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும், யாரும் கேட்காமலே, தாங்கள் உட்கார்ந்திருந்த அலுவலகக் கதிரைகளை வாகனத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். வாகனத்தின் பின்பெட்டிக்குள் சாக்கு விலகி ஒரு கருங்கல் கிடந்தது. அடிக்கல். நாட்டப்போகிறவரின் பெயரும் வருகிற வெள்ளிக்கிழமைத் திகதியும் வெட்டியாகிவிட்டன. பக்கத்திலேயே சட்டம் போட்ட பூங்கா வரைபடம். கரை முழுக்க நடைபாதை. வலையும் இல்லை, வள்ளமும் இல்லை.

"வாற வழியிலை ஏத்திக்கொண்டு வரச் சொல்லி அலுவலகத்திலை சொன்னவை, மிஸ்" என்றான் சாரதி.

"கதிரை இறக்கேக்கையே நாங்கள் கண்டிட்டம், பிள்ளை" என்றார் ராணி அக்கா.

"பிறகேன் இவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"நீங்கள் வீடு தேடி வந்து கேட்டனீங்கள். எப்பிடிச் சொல்லாமல் விடுறது?"

கல்லைச் சாக்கால் மூடிவிட்டு, அதில் கீறல் விழாமல் கதிரைகளை வைக்கச் சொல்லி அவரே ஆட்களைக் கூப்பிட்டார்.