பொய் சொல்லாத நாற்பது நாள்

மார்ச் 3, திங்கள்

குன்னம் பக்கம் குடும்ப நலக் கூட்டம். பதினைந்து பெண்கள். படங்களைப் புரட்டிப் புரட்டி காப்பர் டி, மாத்திரை, நிரோத் உறை எல்லாம் சொல்லி முடித்தேன். கடைசியில் பூமாலை எழுந்தார். வெங்காயக் காட்டு வேலைக்குப் போகிறவர், நாற்பதைத் தாண்டியவர்.

"நர்ஸம்மா, புள்ள வராம இருக்க அம்புட்டும் சொல்றீங்க. ஆம்பளைக்கு படுக்கையில ஒரு முடிவு இருக்குல்ல, பொம்பளைக்கும் அப்புடி ஒண்ணு உண்டுங்கறாங்களே, அது எந்தப் படத்துல இருக்கு?"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. "அடுத்த கூட்டத்துல சொல்றேன்" என்று தப்பித்தேன். தெரிந்தால்தானே சொல்ல.

மார்ச் 5, விபூதிப் புதன்

தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒன்றை விடச் சொன்னார் ஃபாதர். என் வீட்டுக்காரர் ஜோசப் கறியையும் டீயையும் விட்டார். நான் ஈஸ்டர் வரை பொய் சொல்வதில்லை என்று வேண்டிக்கொண்டேன். ஜம்பமாக அவரிடமும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த மதியம். வீட்டில் வேறு யாரும் இல்லை. எல்லாம் முடிந்ததும் வழக்கமான கேள்வி: "உனக்கும் ஆச்சா?"

எட்டு வருடமாக "ம்" என்று சொல்லி வந்த வாய். இன்று ம் வரவில்லை. விரதமாச்சே.

"இல்லைங்க."

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமே."

பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். டீயை விட்ட மனுஷன்.

மார்ச் 12

பாயைக் கூடத்துக்கு மாற்றிவிட்டார். "தவக்காலத்துல விலகி இருக்கறதுதான் மொற" என்கிறார். கல்யாணமாகி எத்தனை தவக்காலம் போனது, அப்போதெல்லாம் எங்கே போனது இந்த முறை?

மார்ச் 19

இன்னும் கூடத்தில்தான். கோபம் போய் பயம் வந்துவிட்டது. ஒரு உண்மைக்கு இந்த ஆள் என்னை விட்டே விலகிடுவாரா? பேசாம ம்னு சொல்லித் தொலச்சிருக்கலாமோ — சொல்லிருந்தா இன்னும் முப்பது வருஷம் சொல்லணுமே.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து வண்டியில் வரும்போது, என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற தைரியத்தில் கேட்டார்: "அப்ப எட்டு வருஷமா என்னய ஏமாத்துனியா?"

"மொத ரெண்டு வருஷம் அப்புடி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. அப்பறம், நீங்க வருத்தப்படுவீங்களேன்னு."

ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக வண்டியை நிறுத்தினார். ரயில் போனதும் சொன்னார்: "ரெட்டிபாளையத்துல கல்லு ஒடைக்கிற கிரஷர்ல நிக்கிறவன் நான். தெரியாத மெஷின கேக்காம தொட மாட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"எனக்கே தெரியாதுங்க. சேந்து பாப்போம்."

முதுகில் சாய்ந்துகொண்டேன். பாய் உள்ளே வந்தது.

ஏப்ரல் 3

சட்டம் போட்டோம். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நிரோத் கட்டாயம், ஊருக்கு உபதேசம் செய்பவள் வீட்டில் இல்லாமலா? "ஆச்சா" என்ற கேள்விக்குத் தடை. "இது புடிக்குதா" என்று கேட்கலாம்.

இன்று நடுவில் "போதும்" என்றேன். உடனே நிறுத்தினார். எழுந்து போய், தான் குடிக்காத டீயை எனக்குப் போட்டு வந்தார். இந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

ஏப்ரல் 9

ஓ. இதுவா.

ஏப்ரல் 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவர் கையை எடுத்து நானே இடம் காட்டினேன், மெதுவா என்றேன். அவசரமே இல்லை. பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜோசப் பயந்துபோய், "டாக்டர்கிட்ட போவமா?" என்றார்.

ஏப்ரல் 15

கூட்டம். படம் இல்லாமலே சொன்னேன். அதற்கென்றே உடம்பில் ஓர் இடம் இருக்கிறது. உறவால் மட்டும் பல பெண்களுக்கு வராது. நேரம் எடுக்கும், வராத நாளும் உண்டு, அது குறை இல்லை. எது பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பூமாலை கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "இத மொதல்லயே சொல்லிருந்தா எங்க வூட்டு வீரமுத்துவ இத்தன வருஷம் சும்மா விட்டிருப்பனா?"

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விரதம் முடிந்தது. இன்று முதல் பொய் சொல்லலாம்.

ஜோசப் முதல்முறையாகத் தானே கறி பிரியாணி செய்தார். நான் ஒரு வாய் வைத்ததும் என் முகத்தையே பார்த்தார். "எப்புடி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உப்பு தூக்கல்ங்க."

என் தட்டை இழுத்து ஒரு வாய் சாப்பிட்டார். "ஆமா" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் எடுத்து வர எழுந்து போனார்.