மணியோடு மூழ்கிய இருவர்

இன்று காலை எதிர்வீட்டில் சைக்கிள் பழுது பார்க்க வந்தவர் செயினை மண்ணெண்ணெயில் கழுவினார். அந்த வாசனை வீட்டுக்குள் வந்ததும் நீயும் நினைவில் வந்துவிட்டாய். அச்சகத்தில் ஈய எழுத்துகளை நாங்கள் கழுவியது அந்த எண்ணெயில்தான். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை இனியும் தள்ளிப்போட எனக்கு வயதில்லை.

புதிய துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நம் ஊர் மணிக்கூண்டுக்கு விழா எடுக்க வியாபாரிகள் சிலர் ஒரு குழு போட்டார்கள். விழா மலரில் அதன் வரலாற்றை எழுதச் சொல்லி உன்னைக் கேட்டார்கள். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நீ அப்போது டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். மலர் அச்சாகவிருந்தது நான் அச்சுக்கோர்த்த அச்சகத்தில். நமக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

நிலம் யார் கொடுத்தது, கட்டடம் யார் செலவு என்பதெல்லாம் கல்வெட்டிலேயே இருந்தது. குழு அதற்கு மேல் கேட்கவில்லை. நீதான், அவ்வளவு கனமான மணி மேலே எப்படிப் போனது, அதற்கு முன் கரைக்கு எப்படி வந்தது என்று கேட்கக் கிளம்பினாய். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு கடற்கரைக்கு நடப்பாய். என்னையும் இழுத்துக்கொண்டு போவாய்.

தோணி பழுது பார்க்கும் ஒரு பெரியவர் கடைசியில் சொன்னார். அந்தக் காலத்தில் கப்பல்கள் ஆழம் பார்த்துத் தூரத்தில்தான் நிற்கும். சீமையிலிருந்து வந்த மணியைத் தோணியில் இறக்கிக் கொண்டுவரும்போது கொந்தளிப்பில் தோணி சாய்ந்தது. மணியோடு இரண்டு பேர் போனார்கள். முத்துக்குளிக்கிறவர்களை அழைத்து, கயிறு கட்டி மணியை மேலே எடுத்தார்கள்.

“மணிக்காவ மூணு நாளு முங்கித் தேடுனாவ,” என்றார் பெரியவர். “ஆளுக்காவ ஒருத்தனும் முங்கல.”

நீ அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பங்குக் கோயிலில் சாமியாரிடம் கெஞ்சி மரணப் பதிவேட்டை இரண்டு வாரம் புரட்டினாய். மணி வந்த வருடத்தில், ஒரே தேதியில் இரண்டு பெயர்கள் கிடைத்தன. சந்தியாகு, பஸ்தியான். எப்படி இறந்தார்கள் என்ற இடத்தில் ‘கடலில்’ என்று ஒரே சொல். அந்தப் பத்தியை டைப் அடித்து என்னிடம் நீட்டியபோது உன் கண் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன். தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த ரெண்டு பேரையும் தப்பில்லாமக் கோருல,” என்றாய்.

தப்பில்லாமல்தான் கோர்த்தேன். புரூப் குழுவுக்குப் போனது. அதற்குள் மஞ்சள் காமாலை முற்றி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்த புரூப்பில் அந்தப் பத்தி மட்டும் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது.

அச்சக முதலாளி அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நல்ல காரியத்துல சாவு எதுக்குன்னு கேக்காவ. எடுத்திருல.”

எழுதியவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். மலர் அவர்களுடையது, நாளை மெஷினில் ஏற வேண்டும் என்றார். குழுவில் ஒருவரைக் கடைக்கே போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். திரும்பி வந்து என் கையாலேயே அந்தப் பத்தியைக் கலைத்தேன். ஒவ்வொரு ஈய எழுத்தையும் எழுத்துப்பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். இரண்டு பெயரும் கலைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் உட்கார்ந்தது. நீ டைப் அடித்த தாளும் சிவப்பு மை புரூப்பும் அன்றே அச்சகக் கழிவுத் தாளோடு போய்விட்டன.

கலைப்பதற்கு முன் ஒரே ஒரு தாள் ஒற்றி எடுத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். உன் அக்கா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் கைவிரித்துவிட்டதாகச் சொன்னாள். உள்ளே வந்தேன். தாளை நீயே பையிலிருந்து உருவிப் படித்தாய். அந்தப் பெயர்களுக்கு வந்ததும் விரல் நின்றது.

“எத்தன அடிச்சிருக்கு?”

“ஆயிரம்.”

“அப்ப ஊருக்கே தெரிஞ்சிரும்,” என்று சிரித்தாய். உன் பல்கூட மஞ்சளாகத் தெரிந்தது.

மறுநாள் போய்விட்டாய். சவப்பெட்டியை மூடும்போது, தம்பி கடைசியாக எழுதியது என்று அக்கா அந்தத் தாளை உன் கைகளுக்கு அடியில், ஜெபமாலையோடு வைத்தாள். இருப்பது அது ஒன்றுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆதாரம் கேட்கிறார்கள். அந்தப் பெரியவர் அடுத்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். பதிவேட்டில் மணியைப் பற்றி ஒன்றும் கிடையாது. நீ எழுதிய வரிகளும் எனக்குப் பாதி மறந்துவிட்டன. அந்த இரண்டு பெயர்களையும், ஆயிரம் என்று நான் சொன்ன ஒரு சொல்லையும்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆயிரம் இல்லையடா. ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் நானும் ஒரு கை மண் அள்ளிப் போட்டேன்.