எந்தப் பாக்கெட்டில் எந்த மவுத்பீஸ்

ஒரே கச்சேரியில் டிராம்போனும் ட்யூபாவும் ஊதுகிற மகாவித்வானுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி எதிர்வீட்டில். நாலு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவரிடமாவது எரிந்து விழாதீர்கள்.

நேற்று ட்யூபாவிலிருந்து வெறும் காற்று வந்ததற்கு நான் பொறுப்பில்லை. எப்போதும் கோட்டின் வலது பாக்கெட்டில் ட்யூபாவில் வாய் வைத்து ஊதுகிற பெரிய மவுத்பீஸ், இடது பாக்கெட்டில் டிராம்போனுக்கு உபரியாக ஒரு சின்னது. வாத்தியம் மாற்றக் கிடைப்பது இருபது நொடி. அதில் சின்னதை எடுத்து ட்யூபாவில் செருகியது யார்? பதினெட்டு வருஷமாக ஊதுகிறவருக்கு எது எதுவென்று கைக்குத் தெரியாதா? வழி நெடுக, "கோட்டை இஸ்திரி போட்டியே, எதை எங்க வச்சே?" என்று உயிரை எடுத்தீர்கள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

மவுத்பீஸ் இரண்டையும் கழுவித் துடைத்துக் கோட்டிலேயே வைத்திருக்கிறேன். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு இன்றைய கச்சேரிக்குக் கிளம்புங்கள். நான் வேலை முடிந்து நேராக அரங்குக்கு வருவேன். மூன்றாவது வரிசை. பேச மாட்டேன்.

இன்னொன்று. இடது பாக்கெட்டின் வாயைப் பாதி தைத்துக் குறுக்கிவிட்டேன். பெரியது இனி அதில் நுழையாது. கோபத்தில் தைத்தது, தையல் கோணலாகத்தான் இருக்கும்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: இஸ்திரி போட்டுவிட்டு மாற்றி வைத்தது நானாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். அதையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.