செண்டுமல்லிக்கும் ஒரு குடம் தண்ணீர்

பாசமுள்ள எங்கள் கமலாக்காவுக்கு,

ஆனையூரில் இப்போதுதான் மழை வெறித்திருக்கிறது. நீ இருந்தால் இந்நேரம் கொல்லையில் தக்காளிக்கும் கத்தரிக்கும் இடையே செண்டுமல்லி நாற்றை ஊன்றிக்கொண்டிருப்பாய். அந்தக் காட்டமான வாசத்துக்குப் பூச்சி அண்டாது என்பாய். வாசத்தாலா, வேரில் ஊறும் ஏதாவதாலா என்று நான் புத்தகத்தைப் புரட்டுவேன். "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் காய் பறிச்சிருவேன்டா" என்று சிரிப்பாய்.

கழுவினாலும் உன் கையை விட்டு அந்த வாசம் போகாது. அத்தான் இறந்து நீ எங்களோடு வந்து இருந்த நாளிலிருந்து, காப்பி டம்ளரில்கூட அது ஒட்டியிருக்கும். இப்போது எந்த டம்ளரிலும் இல்லை.

நீ போன அன்று நடந்தது உனக்குத் தெரியாது. வாங்கி வந்த பூ போதவில்லை. உன் பூ உன்னோடேயே வரட்டும் என்று சொந்தக்காரர்கள் தோட்டத்துச் செண்டுமல்லியை முழுக்கப் பறித்தார்கள். விதைக்காக நீ செடியிலேயே காயவிட்டிருந்ததையும் விடவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. கண்மாய்க்கரை வழியாகச் சுடுகாடு வரைக்கும் தூவிக்கொண்டே போனோம். வீட்டில் ஒரு விதைகூட மிஞ்சவில்லை என்பது பாத்தி கட்டும்போதுதான் உறைத்தது.

நர்சரியில் நாற்று வாங்கி வைத்தேன். பூ உள்ளங்கை அகலம், முகர்ந்தால் ஒன்றுமில்லை. திரும்பப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இது மாலைக்குங்கய்யா. செண்டுமல்லிய வாசத்துக்கா வாங்குவாக?" என்றார் கடைக்காரர். தக்காளி இலைக்கு அடியில் வெள்ளை ஈ அப்பிக் கிடந்தது. உன் செடி இருந்திருந்தால் வந்திருக்காதா? எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. வாசத்தைத் தேடிக்கொண்டு, பூச்சியைச் சாக்குச் சொல்கிறேனோ என்றும் தோன்றியது.

போன வாரம் கண்மாய்க்கரையில் நடந்தபோது, வேலியோரம் செண்டுமல்லிக் கன்றுகள். அன்று தூவிய பூவிலிருந்து முளைத்தவை. இலையைக் கசக்கிப் பார்த்தேன். அக்கா, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மண்ணோடு பெயர்த்துத் துண்டில் பொதிந்து வந்தால், என் மனைவி செல்வி கேட்டிலேயே மறித்தாள். சுடுகாட்டுப் பாதையிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதல்லவா?

"அந்த வழியில முளைச்சதையா எடுத்துட்டு வாரீக? இம்புட்டுப் படிச்சும் இது தெரியாதா? அங்கனயே வச்சிட்டு வாங்க."

அவளை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஓர் இலையைக் கிள்ளி நீட்டினேன். கசக்கி முகர்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மதினி கை மாதிரியே இருக்கு" என்றாள்.

உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். சுடுகாடு போய் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தானே படியேற வேண்டும்? பாதியை என் தலையில் ஊற்றினாள், மீதியைச் செடிகளின் மேல்.

"எல்லாரும் குளிச்சாச்சு. இப்ப உள்ள வாங்க."

அவளேதான் குழியும் பறித்தாள்.

செடிகள் வேர்பிடித்துவிட்டன. வெள்ளை ஈ போகுமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று உறுதி: முதலில் விரியும் பூவைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுப்பேன். நான் உன்னிடம் வரும் அன்றைக்குக் கடையில்தான் பூ வாங்க வேண்டும், தோட்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று செல்வியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

உன் பின்னால் பிறந்த தம்பி,
ராசு