இருபதாவது தலை

என் அன்பு வாலுத் தங்கைக்கு, உன் அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். என்னையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அது சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மாமா புதுச் செருப்பு வாங்கினார். அது கடிக்கிறதென்று பழையதையே மாட்டிக்கொண்டு அலைகிறார். மாடி வீட்டுக்காரர்கள் மறுபடியும் தொட்டியை வழியவிட்டு, நம் சமையலறைச் சுவர் ஊறிக் கிடக்கிறது. டிப்போவில் எனக்குத் தடம் மாற்றிவிட்டார்கள். நேற்று ஒரு மனிதர் போன வாரத்து டிக்கெட்டை எட்டாக மடித்து நீட்டினார். இருபத்திரண்டு வருஷமாக பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவளிடம் அது நடக்குமா? நீயும் இப்போது அந்த வேலையைத்தான் என்னிடம் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

மூளைப் படம் எடுக்கும் ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போய்வர உனக்கு உதவித்தொகை கிடைத்தது என்றதும் டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். "கூட ஒருத்தர் வரலாம்க்கா, அவங்களே செலவு தர்றாங்க, நீ வா" என்றாய். அப்போதே உறுத்தியது. மாணவியின் அக்காவுக்கு எவன் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பான்? உன் மாமா வேறு கணக்குப் போட்டார். "அவ அங்க யாரையோ பார்த்து வச்சிருக்கா, உன்கிட்ட காட்டத்தான் கூட்டிட்டுப் போறா" என்றார். நானும் நான்கு நாள் அதையே நம்பி, நல்ல துணியாக எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன்.

லீவு எழுதிக் கொடுக்க வேண்டுமே என்று நீ தபாலில் அனுப்பிய காகிதங்களைப் பிரித்தேன். ஒரு தாள் போதும் என்ற இடத்தில் நான்கு தாளையும் சேர்த்து அனுப்பிவிட்டாய், அவசரக்குடுக்கை. முதல் தாளில் உதவித்தொகை மாணவருக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விமானக் கட்டணம், நான்கு இரவு அறை வாடகை, மாநாட்டுக் கட்டணம். உடன் வருகிறவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் இங்கிலீஷை நம்பாமல் டிப்போ கிளார்க்கிடமும் காட்டினேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

கடைசித் தாளில் உன் ஆராய்ச்சிச் சுருக்கம். பஸ்ஸில் ஏறியதும் நான் முதலில் தலை எண்ணுவேன், அப்புறம்தான் டிக்கெட் கேட்பேன். பழக்கதோஷம், இங்கும் எண்ணிக்கையைத்தான் தேடினேன். உடல்நலமுள்ள பத்தொன்பது பேரின் மூளைப் படங்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தலை சுற்றவில்லை, பயப்படாதே. ஆனால் அந்த எண்ணை விரல் வைத்து மறுபடியும் படித்தேன்.

மூன்று மாதம் முன்பு, ஒரு ஆள் குறைகிறது என்று அழமாட்டாத குறையாகக் கூப்பிட்டு, கம்மலையும் கொண்டை ஊசியையும் கழற்றச் சொல்லி, என்னை அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்தாயே. சுவரை இடிக்கிற மாதிரி ஒரே சத்தம். வெளியே வந்ததும் "இருபது ஆச்சு, இனி யாரையும் கெஞ்ச வேணாம்" என்று கட்டிக்கொண்டாய். வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் மூளைப் படம் தருவோம் என்றாய். எனக்கு வரவில்லை. கேட்டால் பிரிண்டர் ரிப்பேர். மூன்று மாதமாகவா? அதற்கப்புறம்தான் தினமும் காலையில் தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று விசாரணை. ஓடும் பஸ் வேண்டாம், ஆபீசில் உட்காருகிற வேலை கேள் என்று நச்சரிப்பு. மாநாடு வியாழனோடு முடிகிறது. எனக்குத் திரும்பும் டிக்கெட் திங்கள்கிழமைக்கு. நடுவில் தெரிந்த மேடம் ஒருவரைப் பார்க்கலாம் என்றாய். அவர் விலாசத்தை அந்தக் கடைசித் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாய். அது ஆஸ்பத்திரி விலாசம்.

உன்மேல் அப்படியொரு கோபம். பாத்திரங்களை எல்லாம் நங்கு நங்கென்று போட்டேன். அப்புறம் சம்பளச் சீட்டு வைக்கும் டிராயரைக் குடைந்து, அன்று நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை எடுத்தேன். ஏழாவது கேள்வி: படத்தில் எதிர்பாராத எதையாவது கண்டால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? நான் 'வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். ஊரார் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், டூட்டிக்கு நேரமாகிறதென்று என் காகிதத்தைப் படிக்காமலே மளமளவென்று போட்டுத் தள்ளியிருக்கிறேன். "படிச்சுட்டுப் போடுக்கா" என்று நீ பக்கத்தில் நின்று சொன்னதும் இப்போது ஞாபகம் வருகிறது.

ஆக, உன் வாயைக் கட்டிப்போட்டது நான்தான். சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், இல்லாத ஒரு சலுகையைச் சொல்லி என்னை அந்த மேடத்திடம் கொண்டுபோகப் பார்த்திருக்கிறாய். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. இந்த மூன்று மாதமும் நீ தனியாக என்ன பாடுபட்டாயோ என்று நினைத்தால்தான் அழுகை வருகிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. உன் மாமாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர் கல்யாணக் கனவிலேயே கொஞ்ச நாள் இருக்கட்டும்.

நான் வருகிறேன். அந்த மேடத்தையும் பார்க்கிறேன். ஆனால் என் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதை முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து நான் கேட்கக் கூடாது. கிளம்புவதற்கு முன்னால் நீ வந்து, என்னை உட்காரவைத்து, நீயே சொல். பிறகு மாநாட்டில் உன் பத்தொன்பது பேரைப் பற்றித் தைரியமாகப் பேசு. முன்வரிசையில் நான் இருப்பேன். உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையும், கண்ணு.

படிவத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வியில் பழைய டிக்கை அடித்துவிட்டு, 'தெரிவிக்கலாம்' என்பதில் புதிதாகப் போட்டு, பக்கத்திலேயே தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

உன் அக்கா