நான்கு பதக்கங்களில் முதலாவது

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் விழுந்த அன்றைக்கு ஓடுபாதையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். எழுதிக்கொள். படைத் தலைவர், இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். விமானத் துப்பாக்கிகளுக்குக் குண்டு போடும் மேஸ்திரி. எஞ்சின் மெக்கானிக், கையில் பாதி தின்ற ரொட்டி. டாக்டர், வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்திலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐந்து பேர். ஐம்பத்தெட்டு வருஷமானாலும் ஒரு ஆள் குறையாமல் சொல்லுவேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் தங்கச்சி என்று நினைத்த நீ என் கல்யாணத்துக்கு வராததையும்தான் மறக்கவில்லை. வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி கடைசிவரை காலியாகக் கிடந்தது. அதில் யாரோ குடையை வைத்துவிட்டுப் போனார்கள்.

என் பேரன் உன்னிடம் சொன்னது உண்மைதான். விமானப்படை அருங்காட்சியகத்தில் உன் அத்தானுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். நூற்றுப் பதினேழு தடவை சண்டைக்குப் பறந்தவர். நான்கு பதக்கம். முதலாவது, ஆற்றுக்கு அப்பால் எதிரி விமானத்தை விழ வைத்ததற்கு. இரண்டாவது, தீப்பிடித்த எஞ்சினோடு திரும்பி வந்ததற்கு. மூன்றாவது, பாலத்தின் மேல் தன்னந்தனியாக மூன்று எதிரி விமானங்களைத் துரத்தியதற்கு. நான்காவது, சண்டை முடிந்ததும் எல்லாருக்கும் கொடுத்தது. முதலாவதை மட்டும் அவர் ஒருநாளும் குத்திக்கொண்டதில்லை. ஊக்கு சரியில்லை என்பார்.

திறப்பு விழா ஏப்ரலில். இதற்காவது வா.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த நாற்காலிக்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் கல்யாணத்தன்று காலையில்தான் படையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. "தலைவனை விட்டு விலகிச் சென்றபோது வீழ்ந்தார்" என்று என் அண்ணனைப் பற்றி ஒரே ஒரு வரி. தலைவன் என்றது அன்றைக்கு அவனோடு ஜோடியாகப் பறந்த அத்தானை. அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தி என் காதுபடவே சொன்னாள், "ஓடிப்போனவன் தங்கச்சிடி" என்று. அம்மா சாகும்போது அந்தக் காகிதம் தலையணைக்கு அடியில் இருந்தது.

போன வருஷம் அந்த எஞ்சின் மெக்கானிக்கை முதியோர் இல்லத்தில் பார்த்தேன். ரொட்டியை இன்னும் பாதியில்தான் வைக்கிறார். அவர் சொன்னார், "உங்க அத்தான் விமானம் அன்னைக்கு விசிலே அடிக்கலம்மா. அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல" என்று. எனக்கும் புரியவில்லை. மூன்று வருஷம் அங்கே துப்பாக்கிகளுக்குத் துணி ஒட்டிய உங்களுக்குப் புரியும்.

ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் அக்கா. என் அண்ணன் ஓடினானா?

அன்புடன்,
தங்கை

மார்ச் 16

தங்கச்சிக்கு,

அந்த மெக்கானிக் எஞ்சின் சத்தத்திலேயே கிடந்து பாதிச் செவிடானவன். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே "ஆங்?" என்பான். அவனுக்கு விசில் கேட்காதது ஒரு அதிசயமா? செத்தவர்களைக் கிளறி என்ன ஆகப்போகிறது? மூட்டு வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடுபண்ணித் தேய்.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

எண்ணெய் வந்தது. திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. இனி இதைப் பற்றி உங்களிடம் கேட்கவும் மாட்டேன். எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தங்கை

ஏப்ரல் 2

தங்கச்சி,

உன் அண்ணன் ஓடவில்லை. இதைப் படித்தபின் மிச்சத்தைப் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடு.

இறக்கையில் இருக்கும் நான்கு துப்பாக்கிகளின் வாயிலும் தூசி போகாமல் சிவப்புத் துணி ஒட்டுவோம். சுட்டால் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். பிறகு இறங்கும்போது ஓட்டைக்குள் காற்றுப் புகுந்து இறக்கை விசில் அடிக்கும். அன்றைக்கு உன் அத்தான் விமானம் ஊமையாக இறங்கியது. ஓடுபாதையின் கோடியில் போய் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைக்க நான்தான் முதலில் ஓடினேன். நான்கு துணியும் காலையில் நான் ஒட்டியபடியே இருந்தன.

அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். "சுடக் கையே வரல," என்றார். "என் வாலைப் பிடிச்சவனைக் குருவிதான் சுட்டு விழ வெச்சான். அப்புறம் இன்னொருத்தன் குருவியை அடிச்சுட்டான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

உன் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் குருவி, உனக்குத் தெரியும்.

எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். கோழையின் பெண்டாட்டி என்று நாலு பேர் சொல்வார்களே என்றுதான் நினைத்தேன். குருவியை நினைக்கவில்லை. நாலு துணியிலும் விரலை விட்டுக் கிழித்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

ஜீப்பில் வந்த படைத் தலைவர் இறக்கையைப் பார்த்தார். "சபாஷ்! ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு விழுந்ததா போன் வந்துச்சு. நீதானா அது?" உன் அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"கூடப் போனவன் எங்கே?"

"பிரிஞ்சு போயிட்டான் சார்."

அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதைப் படை அலுவலகக் காகிதக்காரர்கள் எழுதினார்கள். மேஸ்திரி குண்டு பெல்ட்டோடு வந்தபோது, "நாலுக்கும் புது பெல்ட் போட்டாச்சு மேஸ்திரி, போங்க," என்று திருப்பி அனுப்பினேன். அவர் திறந்து பார்த்திருந்தால் பழைய பெல்ட் ஒரு குண்டும் குறையாமல் அப்படியே இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் உன் அத்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "அப்போ என்னையும் சேர்த்து உள்ள தள்ளுவாங்க, பரவாயில்லையா?" என்றேன். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நடு இரண்டு பதக்கமும் அவர் சாகத் துணிந்து சம்பாதித்தது. முதலாவது நான் கிழித்துக் கொடுத்தது.

அது இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. ஊக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பார். இதே விவரத்தை அருங்காட்சியகத்துக்கும் எழுதி, குருவியின் பெயரைப் பலகையில் போடாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்றிருக்கிறேன். பேரன் அதைப் படித்தான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனாலும் அவன்தான் தபாலில் சேர்த்தான். இதை உன் அம்மாவின் ஜன்னலைத் திறந்துவைத்து, சத்தமாகப் படி.

முதல் கடிதத்தில் ஐந்து பேர் என்றேன். எண்ணத் தெரியாமல் இல்லை. எவர் மேல் எனக்கு என்ன வருத்தம் என்று இத்தனை வருஷம் ஒன்றுவிடாமல் வைத்திருந்தேன். துணியை மட்டும் பார்த்து நம்பிய படைத் தலைவரை மன்னித்து விட்டேன். மேஸ்திரியை விட்டேன். தலையாட்டியவரை விட்டேன். நாற்காலியைக் காலியாக விட்ட உன்னையும் விட்டேன். ஆறாவதாக அங்கே ஒருத்தி இருந்தாள். அவளை மட்டும் விடமாட்டேன். நீயும் விடாதே.

இப்படிக்கு,
துணி ஒட்டியவள்