பதினெட்டாம் கட்டம்

அன்பு அக்கா,

நேற்றும் வீடியோ போனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். முல்தானின் ஜூன் வெயிலில் முழுக்கைச் சட்டைக்குள் நல்லாயிருப்பவள் நீ ஒருத்திதான். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

கல்லூரி மலரில் ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதினாயே, அம்மாவின் திருமணப் பத்திரத்தில் பதினெட்டாம் கட்டத்தை அவளைக் கேட்காமலே பெரியவர்கள் கோடு போட்டு அடித்ததைப் பற்றி? மணவிலக்கு உரிமை மனைவிக்கும் உண்டா என்று கேட்கும் கட்டம். ஒரு வரிகூடப் புரியாமல் சித்தப்பா அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் நீட்டி, "பொண்ணு இங்கிலீஷ்லயே கவிதை எழுதும்" என்று பெருமையடித்தார். எனக்குப் புரிந்தது.

நிக்காஹ் அன்று உன்னிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நீ முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாய். மேடையில் நான், மச்சினிகள் காசு கறக்கும் வழக்கப்படி, மாப்பிள்ளை சர்மத் மச்சானின் செருப்பை ஒளித்தேன்.

"எவ்வளவு வேணும், திருடி?"

"காசு வேணாம் மச்சான். இந்தக் கட்டத்துல 'உண்டு'ன்னு எழுதுங்க, செருப்பு வரும்."

சபையே சிரித்தது. அவரும் சிரித்தபடி எழுதிக் கையெழுத்திட்டார். காஜி முத்திரை வைத்தார். "காசை விட்டுட்டியே கழுதை" என்று சித்தப்பா என் தலையில் குட்டினார்.

இரண்டு வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. தேவைப்படாது என்று நினைத்தேன்.

இன்று காலை உன் திருமணப் பத்திரத்தை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இவளுதுல கோடு போடலையா?"

"இல்லம்மா."

எழுந்துபோய் உன் பழைய அறையைப் பெருக்கத் தொடங்கினாள்.

உன் தொல்லை